பாதி வார்த்தைக்கு மதிப்பெண் கிடையாது

மார்ச் 2

லீடர் அக்காவுக்கு,

தபாலில் கையெழுத்துக் கடிதம் வந்ததைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுதுவது நான்தான். நம் ஆன்லைன் டயாலிசிஸ் படிப்பில், வியாழக்கிழமைக் குழுவில், உங்கள் திரையின் கீழே வலது மூலையில் இருக்கும் கட்டம். பயிற்சிப் பெட்டி அனுப்பியபோது நம் நான்கு பேருடைய முகவரியையும் ஒரே தாளில் அடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அந்தத் தாளை நான் தூக்கிப் போடவில்லை.

போனில் பேசத்தான் முதலில் பார்த்தேன். "சொல்லு, சீக்கிரம் சொல்லு, வார்டுல இருக்கேன்" என்றீர்கள். நான் "அது வந்து அக்கா…" என்றேன். "அது வரட்டும், அப்புறமா பேசு" என்று வைத்துவிட்டீர்கள். அடுத்த நாள் கூப்பிட்டபோது நான் என்ன கேட்கப் போகிறேன் என்று நீங்களே முடிவு செய்து, அதற்குப் பதிலும் சொல்லி, "சரியா? வெச்சிடறேன்" என்றீர்கள். நான் கேட்க வந்தது அது இல்லை. கடிதத்தில் நீங்கள் நடுவில் நுழைய முடியாது. அதனால் கடிதம்.

நேற்று மதிப்பெண் வந்தது. குழுக் கற்றலுக்கு உறுப்பினர்களுக்குத் தலைவிதான் பத்துக்கு இவ்வளவு என்று போட வேண்டும். எனக்கு நீங்கள் போட்டிருப்பது பூஜ்யம். தேற ஐந்து வேண்டும். தேறாதவர்களை ஏப்ரலில் மருத்துவமனைப் பயிற்சிக்கு உள்ளே விட மாட்டார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் டயாலிசிஸ் பிரிவில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் நான் பயிற்சிக்குப் போகாவிட்டால் அது வேறு ஒருவருக்குப் போய்விடும். எனக்கு மறுபடியும் அதே ஊசி அறை, மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கும் அதே முக்காலி.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று சொல்ல வராது. "எம் பொண்ணு ரத்தம் கழுவுற படிப்பு படிக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

எட்டு வாரத்தில் ஒரு வகுப்பைக்கூட நான் விடவில்லை. பூஜ்யம் என்றால் அந்த ஆள் அங்கே இல்லவே இல்லை என்று அர்த்தம். நான் இருந்தேன். ஆட்சேபம் சொல்ல 31ஆம் தேதி கடைசி. தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வலது மூலை


மார்ச் 7

ஏ ஊமைக்கோட்டான்,

தபால்காரர் கொடுத்த உறையைப் பிரிக்காமல் பத்து நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்தேன். எட்டு வாரம் எட்டு வார்த்தை பேசாதவள் மூன்று பக்கம் எழுதுகிறாய்! இந்த வாயை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?

மதிப்பெண் படிவத்தில் என்ன கேள்வி என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். "இவர் கலந்துரையாடலில் பேசினாரா?" ஒரே கேள்வி. "வந்தாரா" என்று கேட்டிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன். நான் பொய் எழுதவில்லை.

எனக்கு உன் மேல் வேறு கோபமும் இருக்கிறது. ஏழாவது வாரம். மறந்திருக்க மாட்டாய். நோயாளி எடை மேடையில் ஏறும் வீடியோ. அறுபத்தொன்றரை கிலோ. உடம்பில் தேங்கின தண்ணீர் எல்லாம் போனால் அவர் இருக்க வேண்டிய எடை ஐம்பத்தெட்டு. ஆக மூன்றரை லிட்டர் எடுக்கணும் என்று கணக்குப் போட்டேன். நம் குழுவில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணன் சரி என்றார், எதற்கும் ஆமா போடுகிற நம் ஆமாக்கா ஆமா என்றார், நீ உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பயிற்சி மேடம் உள்ளே வந்தார். "தோள்ல பையோட நிக்கிறாரு அந்த மனுஷன், அதுல ரெண்டு கிலோ இருக்கும். மூணரை லிட்டரை உறிஞ்சியிருந்தா பாதியிலேயே பிரஷர் இறங்கி மயங்கி விழுந்திருப்பாரு. நாலு பேருக்கு எட்டுக் கண்ணு, ஒண்ணுகூடவா பையைப் பாக்கல?" என்றார். என் வயசுக்கு, பதினாறு வருஷ சர்வீஸுக்கு, அந்தப் பேச்சு.

வகுப்பு முடிந்து அரை மணி கழித்து உன்னிடமிருந்து ஒரு செய்தி. "அக்கா, பை இருந்தது. நான் பார்த்தேன்." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! பார்த்தவள் ஏன் சொல்லவில்லை? டயாலிசிஸ் அறையில் அரை மணி கழித்துச் செய்தி அனுப்ப முடியாதம்மா. பிரஷர் இறங்கும்போது கத்தணும். கத்தத் தெரியாதவள் அந்த மெஷின் பக்கத்தில் நிற்கவே கூடாது என்று நினைத்துத்தான் பூஜ்யம் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் போடுவேன்.

லீடர்


மார்ச் 11

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படித்திருந்தால் அழுதிருப்பேன்.

கத்தத் தெரிய வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரிதான். அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதற்குப் பதில் இருக்கிறது.

எங்கள் வீடு ஒரு அறையும் அடுப்படியும். வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்ததும் அம்மா வீட்டையே நிறுத்திவிடுவாள். குழாய் மூடப்படும். அண்ணி பாத்திரம் கழுவக் கூடாது. அப்பாவுக்கு இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். அம்மா கேமராவுக்குப் பின்னால் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பாள், நான் பேசப் போகிறேன் என்று. வகுப்பு முடிந்ததும், "இன்னிக்கு என்ன பேசின?" என்று கேட்பாள். எட்டு வாரமும் நான் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். எட்டும் பொய். ஒருமுறை அண்ணி மட்டும், "எங்களை வாயை மூடச் சொல்லிட்டு நீயும் மூடிக்கிட்டா எதுக்குடி இந்தக் கூத்து?" என்றாள்.

பேச வேண்டியதை நான் முதலில் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். கல்லூரியில் முதல் வருடத்திலிருந்து வந்த பழக்கம். அங்கே நான் வாயைத் திறந்தால் என் பேச்சைக் கேட்டே எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லிப் பார்த்து, மைக்கைத் திறந்து, வாயெடுக்கும்போது நீங்கள் "சரி, அடுத்தது" என்றிருப்பீர்கள். "யாராவது சொல்றீங்களா?" என்று கேட்பதும் நீங்கள்தான், யாரும் சொல்லவில்லை என்று தீர்ப்பு சொல்வதும் நீங்கள்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொட்டாவி விடக்கூட நேரமில்லை.

ஏழாவது வாரம் வகுப்பு முடிந்துதான் சொன்னேன் என்கிறீர்கள். இல்லை. நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே சாட்டில் எழுதினேன். "தோளில் பை. எடை மறுபடி பார்க்கணும்." இரண்டு முறை எழுதினேன். நீங்கள் படிக்கவே இல்லை. குழு அறை மூடியதும் அதில் எழுதியதெல்லாம் அழிந்துவிடுகிறது, அதனால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. வகுப்பைப் பதிவு செய்தது உங்கள் லேப்டாப். போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
வலது மூலை


மார்ச் 18

வலது மூலைக்கு,

உன் வாயை அடைக்கத்தான் பதிவைப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில்கூட உன் குரல் இல்லை என்று தேதி நேரத்தோடு எழுதி அனுப்பி, "இப்போ என்ன சொல்றே?" என்று கேட்க நினைத்தேன்.

நான் வகுப்புக்கு எங்கே உட்காருவேன் தெரியுமா? எங்கள் ஆஸ்பத்திரியில் தரைக்குக் கீழே, ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் யாரும் என்னைத் தேடாத ஒரே இடம் அது. நெட் வரும், ஆனால் நொண்டிக்கொண்டு வரும். ஆம்புலன்ஸ் அண்ணன் ஒருநாள், "நீங்க ஜோக் சொன்னா நாங்க சிரிக்கிறது உங்களுக்கு அடுத்த ஜோக்குலதாங்க கேக்குது" என்றார். கிண்டல் என்று விட்டுவிட்டேன்.

கிண்டல் இல்லை. உங்கள் சத்தம் எனக்கு மூன்று நான்கு விநாடி தள்ளித்தான் வந்து சேருகிறது. நான் கேள்வி கேட்கிறேன், ஒரு விநாடி காத்திருக்கிறேன், அமைதி. "சரி, அடுத்தது" என்கிறேன். அப்புறம்தான் உன் குரல் என் பேச்சுக்கு அடியில் வந்து மாட்டுகிறது. "அந்த…" "ஆனா அக்கா…" "இல்ல, அந்தப்…" நான் பேசுவது கேட்டதும் நீ நிறுத்திவிடுகிறாய். ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு எட்டு வகுப்பையும் கேட்டேன். பதினேழு தடவை. ஏழாவது வாரம் மட்டும் நான்கு. "அந்தப் பை" என்று முழுசாகவே ஒருதரம் வருகிறது. அதன் மேல் நான் "மூணரை லிட்டர்!" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

சாட்டைப் பற்றி. நான் நோயாளியின் கேஸ் தாளைத் திரையில் காட்டும்போது என் பக்கம் சாட் மறைந்துவிடுகிறது. அதை நான் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நீ எழுதினாய் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய?

பதிவை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். வைத்துக்கொள்.

இனி கசப்பான பகுதி. படிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கே இருக்கிற கிளார்க், "மார்க் பூட்டியாச்சுங்க. போட்டவங்களே நான் போட்டது தப்புன்னு எழுத்துல கொடுத்தாத்தான் திறப்போம்" என்றார். கொடுத்தால்? "உங்க மதிப்பீடு தப்புன்னு ஃபைல்ல ஏறும். அடுத்த பேட்ச் உதவிப் பயிற்சியாளர் பட்டியல்ல உங்க பேர் இருக்குல்ல, அது போயிடும்."

அந்தப் பட்டியல் எனக்கு என்னவென்று உனக்குத் தெரியாது. அது கிடைத்தால் இரவு ஷிப்டிலிருந்து விடுதலை. என் மகளுக்கு ஆறு வயசு. பள்ளியில் வீட்டைப் படம் வரையச் சொன்னார்கள். எல்லாரையும் வரைந்தாள். என்னை மட்டும் கதவுக்கு வெளியே, பையோடு வரைந்திருந்தாள்.

என்னால் முடியாது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் முடியாது.

லீடர்


மார்ச் 21

அக்காவுக்கு,

பதினேழு என்று எண்ணத் தெரிந்திருக்கிறது. அதை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

என்னைக் கத்தத் தெரியாதவள் என்றீர்கள். கத்தத் தெரியாதவள் மெஷின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றீர்கள். தப்பு நடந்தது கண்ணுக்குத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவர் மட்டும் நிற்கலாமா? என் வாயை அடைத்தது நெட். உங்கள் வாயை அடைத்தது எது?

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறீர்கள்.

நேற்று அப்பா தன் பழைய முதலாளியைப் பார்த்து, ஏப்ரலிலிருந்து நான் டயாலிசிஸ் பிரிவு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இன்னும் பத்து நாள் இருக்கிறது.

(பெயர் போட மனமில்லை)


மார்ச் 25

தங்கச்சிக்கு,

உள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறேன். பத்திரமாகப் பிரி. "நான் போட்ட பூஜ்யம் தவறு. இவர் பதினேழு முறை பேச முற்பட்டார். என் இணைப்பின் தாமதத்தாலும், நான் காத்திருக்காததாலும் அவர் பேச்சு தடைபட்டது." கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதி போடவில்லை.

நீயே அனுப்பு. நான் இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்துக்கு என்று உறையில் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். நான் அனுப்பினால் என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று ஆகும். நீ அனுப்பினால் உன்னைத் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். கோழைத்தனம்தான். தெரிந்துதான் செய்கிறேன்.

அனுப்பாமல் விட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

"என் வாயை அடைத்தது நெட்" என்று எழுதினாயே, அதை நர்ஸ்கள் அறையில் நான்கு தடவை படித்தேன். "என்னக்கா, லவ் லெட்டரா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாடி, பல்லு இருக்கிற லவ் லெட்டர்" என்றேன்.

லீடர்


மார்ச் 30

அக்காவுக்கு,

தாள் 28ஆம் தேதி வந்தது. உடனே அனுப்பவில்லை. முதலில் அது இல்லாமல் முடிகிறதா என்று பார்த்தேன்.

பயிற்சி மேடத்துக்குப் போன் செய்தேன். நானாகவே. பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, கையில் வைத்துக்கொண்டு, மருத்துவமனையில் துவைத்த துணி மடிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பதிவில் என் குரல் வரும் இடங்களை அவருக்குப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாதி வார்த்தைக்கு மார்க் கிடையாதும்மா" என்றார். நான் தாளில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். அவர் நடுவில் "புரியுது, புரியுது" என்றார். "மேடம், நான் இன்னும் முடிக்கல" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இரண்டாவது முறையும் குறுக்கே வந்தார். இரண்டாவது முறையும் சொன்னேன். முடித்தேன். அதன் பிறகும் அவர் சொன்னது அதேதான். தலைவி எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம்.

அதனால் போனில் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தேதி நான்தான் போட்டேன். 29.

உங்கள் தாளோடு என் தாள் ஒன்றையும் வைத்தேன். தலைவி ஒவ்வொரு முறையும் கேட்டார், கேட்காமல் ஒருநாளும் விடவில்லை என்று எழுதினேன். இன்னொரு குரல் கேட்டதும் நான் நிறுத்திக்கொண்டது என் பழக்கம், அதற்குத் தலைவி பொறுப்பில்லை என்று எழுதினேன். "பேசினாரா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும் என்றும் எழுதினேன். தலைவி பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம் என்று கடைசியில் கேட்டிருக்கிறேன். அதைப் படிப்பார்களா என்று தெரியாது.

இன்று மதியம் பதில் வந்துவிட்டது. ஆறு. தேறிவிட்டேன். உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். பிறகு எடுத்துவிட்டேன். நாளைக்கு மறுபடி இதே நிலை வந்தாலும் நான் அனுப்பத்தான் செய்வேன். செய்வேன் என்று தெரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டால் அது நடிப்பு.

அம்மா "இன்னிக்கு என்ன பேசின?" என்று கேட்டாள். சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். "மேடத்தையா அப்படிச் சொன்ன? ஏன்டி, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று பயந்துவிட்டாள்.

இப்படிக்கு,
வலது மூலை


ஏப்ரல் 10

வலது மூலைக்கு,

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. நீ கேட்டுக்கொண்டதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை, படித்திருந்தாலும் அவர்களுக்கு விதி என்றால் விதி. மூன்று நாள் உன்னைத் திட்டினேன். சொன்னபடியே செய்தேன். நான்காம் நாள் வேலை அதிகம், மறந்துபோனேன். இன்னும் கோபம் இருக்கிறது. யார் மேல் என்றுதான் சரியாகப் பிடிபடவில்லை. மகளிடம் இன்னும் ஒரு வருஷம் என்று சொன்னேன். "போன தடவையும் அதான் சொன்ன" என்றாள்.

நேற்று வியாழக்கிழமை. மார்க்கெல்லாம் முடிந்தாலும் செய்முறைத் தேர்வுக்காகக் கூடினோம். நீ வரவில்லை. பயிற்சியில் முதல் வாரம், விட மாட்டார்கள் என்று தெரியும். ஆம்புலன்ஸ் அண்ணனும் ஓட்டத்தில் இருந்தார். நானும் ஆமாக்காவும் மட்டும்.

எடைக் கணக்கையே மறுபடி எடுத்தேன். சொல்லி முடித்து, "ஏதாவது கேக்கணுமா?" என்றேன். வழக்கமாக நான் எங்கே நிறுத்துவேனோ அங்கே நிறுத்தாமல் காத்திருந்தேன். ஐயோ, எவ்வளவு நீளம் அது! சிலிண்டர் வண்டி ஒன்று என் தலைக்கு மேலே தளத்தில் உருண்டு போய்த் தேய்ந்து மறையும்வரை உட்கார்ந்திருந்தேன். நாக்கு துடிக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது ஆமாக்கா சொன்னார், "அந்த ஐம்பத்தெட்டு எங்கேருந்து வந்துச்சு?"

நான் திகைத்துப்போனேன். "எந்த ஐம்பத்தெட்டு?"

"அந்த மனுஷன் ஐம்பத்தெட்டுதான் இருக்கணும்னு சொல்றீங்களே. யாரு சொன்னா? எப்படித் தெரியும்? இருக்க வேண்டிய எடைன்னு நீங்க சொல்றது எனக்கு முதல் வாரத்துலேருந்தே புரியல."

முதல் வாரத்திலிருந்து! எட்டு வாரமும் நான் என்ன சொன்னாலும் "ஆமா, கரெக்ட்டு" என்று சொன்னவர். அவருக்கு நான் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறேன். பேசினாரா என்று கேட்டிருந்தார்கள், பேசினார் என்று போட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர், அடுத்த மாதம் மெஷின் பக்கத்தில் நிற்கப் போகிறவர். ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்றதற்கு, "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா கேக்கறது? நீங்க வேற அவசரத்துல இருப்பீங்க" என்றார்.

உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அரை மணி நேரம். உடம்பில் தண்ணீர் தேங்காதபோது இருக்கிற எடை, ஒவ்வொரு தடவையும் கால் வீக்கம், மூச்சு, பிரஷர் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் அதைப் பிடிப்பார்கள், ஆள் இளைத்தால் அதுவும் மாறும் என்று. படம் போட்டுக் காட்டினேன். முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"ஆமா, கரெக்ட்டு" என்றார்.

அடுத்த வியாழன் எப்படியாவது லீவு கேட்டு வா. இப்போது நீ தினம் மெஷின் பக்கத்தில் நிற்கிறாய், அங்கே பார்த்ததை வைத்து அவருக்குச் சொல். நான் சொன்னால் அவர் ஆமா என்றுதான் சொல்வார்.

லீடர்